நிப்பு மாறிய பேனா

பழைய அமெரிக்கப் பார்க்கர் பேனாவுக்கு ஜாதகம் உண்டு. உடம்பில் ஒரு எண், பக்கத்தில் சில புள்ளிகள். எண் என்பது ஆண்டின் கடைசி இலக்கம். வருடம் பிறக்கும்போது அச்சில் மூன்று புள்ளிகள் இருக்கும். காலாண்டு முடிய முடிய ஒவ்வொரு புள்ளியாகத் தேய்த்து அழித்துவிடுவார்கள். எந்தப் பத்தாண்டு என்பதை மாடல் சொல்லிவிடும். ஆகவே எண்பது வருடம் கழித்து யார் கைக்கு அந்தப் பேனா வந்தாலும், எந்த வருடத்தில் எந்த மூன்று மாதத்தில் செய்தது என்பது வரை கண்டுபிடித்துவிடலாம். நம் ஊரில் கடைசல் பட்டறையில் ஒருவர் உட்கார்ந்து எபனைட் தண்டைக் கடைந்து செய்த பேனாவுக்கு இப்படி ஒரு குறிப்பும் கிடையாது. பட்டறைப் பெயரையும் ஊரையும் மெல்லிசாகப் பொறித்திருப்பார்கள். பல வருடம் ஒருவர் கையில் புழங்கினால் அதுவும் தேய்ந்து போகும்.

அப்பாவிடமிருந்து எனக்கு வந்த பேனாக்களில் அப்படித் தேய்ந்த ஒன்றைத்தான் நான் அதிக நாள் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்தம் நான்கு பேனாக்கள். நவி மும்பை நெருளில் எங்கள் சிட்கோ குடியிருப்பு வீட்டு அலமாரியில், அப்பாவின் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தன. மெரூன் நிறத்தில் தங்கமுலாம் மூடி போட்ட பார்க்கர் 51. பச்சையில் பளிங்கு வரி ஓடும், பக்கவாட்டில் நெம்புகோல் வைத்த பிளாக்பேர்ட். பழுப்பேறிப்போன கறுப்பு எபனைட் பேனா. எஃகு மூடியில் சீன எழுத்து பொறித்த ஹீரோ. கை நடுக்கம் வந்தபிறகு அப்பா எழுதுவதை விட்டுவிட்டார். நான்கிலும் மை காய்ந்து இறுகிக் கிடந்தது.

அப்பா கும்பகோணத்துக்காரர். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஹையர் முடித்து, சுருக்கெழுத்தில் நிமிடத்துக்கு 120 சொல் எடுக்கும் தேர்வையும் தேறி, கையில் ஒரு சிபாரிசுக் கடிதத்தோடு ஐம்பதுகளின் இறுதியில் பம்பாய் தாதரில் வந்து இறங்கியவர். கும்பகோணம், பாலக்காடு, திருநெல்வேலி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் இப்படி வந்தவர்கள் ஏராளம். மாட்டுங்காவில் ஒரே அறையில் நாலைந்து பேர், கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் மெஸ் சாப்பாடு, ஃபோர்ட்டிலோ பல்லார்ட் எஸ்டேட்டிலோ வேலை. 1966-ல் சிவசேனை தொடங்கியபோது அதன் முதல் கோபம் இவர்கள்மீதுதான் விழுந்தது. ‘மார்மிக்’ வார இதழ் அதற்கு முன்பே கம்பெனி கம்பெனியாகத் தென்னிந்தியர் பெயர்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டுக்கொண்டிருந்தது. அந்த வருடங்களைப் பற்றி அப்பா வீட்டில் அதிகம் பேசியதில்லை. வேலையைப் பற்றிப் பேசுவார். அதிலும் பேனாவைப் பற்றி என்றால் நிறுத்தாமல் பேசுவார்.

காரணம் பிட்மன் சுருக்கெழுத்து. 1837-ல் ஐசக் பிட்மன் வெளியிட்ட அந்த முறையில் ஒலி என்பது கோட்டின் திசையிலும் கனத்திலும் இருக்கிறது. ‘பாட்டு’ என்பதன் முதல் ஒலிக்கு ஒரு மெல்லிய சாய்கோடு. ‘பாபு’வின் முதல் ஒலிக்கு அதே சாய்கோடு, அழுத்தி இழுத்தது. ‘டிக்கெட்’டுக்கு மெல்லிய நேர்கோடு, ‘டப்பா’வுக்கு அதே நேர்கோடு, தடித்து. அழுத்தினால் நிப்பின் பிளவு விரிய வேண்டும், விட்ட மாத்திரத்தில் கூடிக்கொள்ள வேண்டும். விரியாத நிப்பில் எழுதினால் மாலையில் டைப் அடிக்க உட்காரும்போது பாதிச் சொற்களை ஊகித்துத்தான் படிக்க முடியும். பென்சிலில் எழுதியவர்களும் உண்டு. ஆனால் நீளமான டிக்டேஷனில் கூர் மழுங்கிவிடும், மெல்லிய கோடும் தடித்த கோடும் ஒன்றாகிவிடும் என்பார் அப்பா. பால்பாயின்ட் பேனா வந்து ஆபீஸ் முழுக்க அதற்கு மாறிய பிறகும் அவர் மாறவில்லை. அது ஒரே கனத்தில்தான் எழுதும். அவர் தொழிலுக்கு அது உதவாது.

அன்று ஒரு பேனா கெட்டால் அதைச் சரி செய்வது பெரிய விஷயமே இல்லை. ஃபோர்ட்டில் நடைபாதையிலேயே சின்னப் பெட்டி, ஒரு குறடு, ஒரு ஸ்பிரிட் விளக்கு, டப்பா நிறைய நிப்பு என்று உட்கார்ந்திருப்பார்கள். சென்னையில் பாரிமுனைக்குப் போனால் ஜெம் அண்ட் கோ; கல்கத்தாவில் எஸ்பிளனேடு பக்கத்தில் பேனா ஆஸ்பத்திரி. பள்ளிக்கூட வாசல் கடையில் பத்துப் பைசாவுக்கு மை நிரப்பிக் கொடுப்பார்கள். செம்பூரில் எங்கள் வகுப்பில் மை தீர்ந்தவன் பக்கத்துப் பையனிடம் பெஞ்சுமேல் சொட்டு எண்ணிக் கடன் வாங்குவான். மை கசிந்தால் சாக்பீஸ், அடைத்துக்கொண்டால் பிளேடு. வீட்டில் அப்பாவின் பேனாவை மட்டும் யாரும் தொடக் கூடாது. கடுமையால் அல்ல. அடுத்தவர் கை பட்டால் நிப்பின் பழக்கம் கெட்டுவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கை எவ்வளவு சரி என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

பழைய பேனா எதனால் செய்தது என்று அறிய மூக்கு போதும். உடம்பைக் கட்டைவிரலால் சூடு ஏறும்வரை தேய்த்து முகர வேண்டும். கற்பூர வாசனை வந்தால் செல்லுலாயிட். அந்தப் பொருளை இளக வைக்கக் கற்பூரம் சேர்த்துத்தான் செய்வார்கள். கந்தக வாடை வந்தால் எபனைட். ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்து வேகவைத்து இறுக்கியது அது. எந்த வாசனையும் இல்லையென்றால் பிற்காலத்து பிளாஸ்டிக். இதைத் தெரிந்துகொள்ளாமல் எதிலும் கை வைக்கக் கூடாது. செல்லுலாயிட் நெருப்பைக் கண்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். எபனைட்டை வெந்நீரில் ஊறப்போட்டால் கறுப்பு போய் பாசி படிந்த பழுப்பு வந்துவிடும். பார்க்கர் 51-இன் அக்ரிலிக் உடம்பில் ஆல்கஹால் பட்டால் மயிரிழை விரிசல் விடும்.

பார்க்கரை அடையாளம் காண்பது எளிதாக இருந்தது. நிறுவனம் தொடங்கியது 1888-ல். 51-ஆவது ஆண்டான 1939-ல் இதை உருவாக்கியதால் அந்தப் பெயர். கடைக்கு வந்தது 1941-ல். எங்களுடையதில் புள்ளிக் கணக்கு இல்லை. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று மட்டும் இருக்கிறது. உடம்பைத் திருகிக் கழற்றினால் உள்ளே உலோகக் கவசமும் அழுத்துகிற பட்டையும். அந்த வகை 1948-க்குப் பிறகுதான் வந்தது. மீதியை அம்மா சொன்னாள். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வாட்சும் பேனாவும் போடும் வழக்கப்படி தாத்தா போட்டது அது. கல்யாணம் 1963-ல். தாத்தாவின் தம்பி பினாங்கில் கடை வைத்திருந்தார். ‘ரஜுலா’ கப்பலில் நாகப்பட்டினத்துக்கு வந்திறங்கும்போது கொண்டுவந்திருக்கிறார். ஆக, 1948-க்கும் 1963-க்கும் நடுவில் செய்தது. இதற்குமேல் நெருக்கிப் பிடிக்கவேண்டிய அவசியம் எனக்குத் தோன்றவில்லை.

அதைச் சீர்செய்ததையும் சீர்செய்தது என்று சொல்ல முடியாது. அறை வெப்பத்தில் இருக்கும் தண்ணீரில் முனையை நனைத்து வைத்து, பட்டையை அழுத்தி அழுத்தி விட வேண்டும். முதலில் சாயம் வராது. ஒரு ராத்திரி கழித்து நீலக் கறுப்பாக ஒரு இழை இறங்கும். பிறகு நாள் கணக்கில் வந்துகொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் மைப்பை அந்தக் காலத்திலேயே ரப்பருக்குப் பதிலாக பிளாஸ்டிக்கில் செய்தது. அறுபது எழுபது வருடம் கழித்தும் உயிரோடு இருக்கிறது. பொறுமை ஒன்றே இதற்கு மருந்து. மூடியில் ஒரு கீறல்கூட இல்லை. அப்பா இதை ஆபீசுக்கு எடுத்துப்போனதே கிடையாது. எங்கள் மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட, வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மட்டும் இது கூட்டிலிருந்து வெளியே வரும்.

பிளாக்பேர்டும் எபனைட்டும்தான் என்னை நிறுத்தி வைத்தன.

பிளாக்பேர்ட் என்பது மேபி டாட் என்ற ஆங்கில நிறுவனத்தின் பேனா. ஸ்வான் அவர்களுடைய உயர்ந்த ரகம், பிளாக்பேர்ட் கொஞ்சம் விலை குறைந்தது. பின்னால் அதே பெயர்களில் இந்தியாவிலும் பேனாக்கள் வந்தன; ஆகவே பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. எங்களுடையது உடம்பில் இங்கிலாந்து முத்திரையோடு, நெம்புகோலால் மை உறிஞ்சும் வகை. இந்தப் பேனாக்கள் நிப்புக்குப் பெயர் போனவை. பிட்மன் எழுதுபவர்கள் தேடித் தேடி வாங்கிய நெகிழ்வான தங்க நிப்பு. ஆனால் இதன் வாயில் இருந்தது தங்கமே இல்லை. ‘இரிடியம்’ என்று மட்டும் முத்திரை குத்திய, ஊர் பேர் இல்லாத எஃகு நிப்பு. ஓரத்தில் துரு.

எபனைட் பேனாவை ஜன்னலோரம் எடுத்துப்போய், டார்ச்சைப் படுக்கவைத்து வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்தேன். பொறிப்பின்மேல் சாக்பீஸ் தூளைத் தடவித் துடைத்தேன். ‘மெட்ராஸ்’ என்ற சொல் மட்டும் தெரிந்தது. அதற்கு மேலே பட்டறைப் பெயர் இருந்த இடம் சமமாகிவிட்டது. சரியாக நடுவிரல் அணையும் இடம். மைப்பை எதுவும் இல்லை; கழுத்தைத் திருகிக் கழற்றி, இங்க் ஃபில்லரால் உடம்புக்குள் நேரடியாக மை ஊற்றும் பேனா. திருகுப் பள்ளங்களில் இன்னும் நூல் இருந்தது. கசியாமலிருக்க அப்பா தையல் நூலில் வாஸ்லின் தடவிச் சுற்றுவார். இன்று அதற்கு சிலிக்கோன் கிரீஸ் வந்துவிட்டது. பிறகு நிப்பைத் துடைத்துவிட்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்தேன். காய்ந்த மைக்கு அடியிலிருந்து எழுத்து மேலே வந்தது: பிளாக்பேர்ட், 14 கேரட்.

அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“இது அப்பாவே பண்ணிக்கிட்டதாம்மா?”

“பேனாக்காரன் பண்ணினான்டா. பச்சைப் பேனா ஒவ்வொரு மழைக்கும் சட்டைப் பையில மை கக்கிடும். உள்ள ரப்பர் போயிடுச்சு, புது ரப்பர் கிடைக்கலன்னார். நான் வெள்ளைச் சட்டை துவைச்சுத் துவைச்சு கை ஓஞ்சு போயிட்டேன். கடைசில ஒருநாள், ‘அதோட மூக்கை எடுத்து இதுல வச்சுட்டேன், இனிமே உனக்குத் தொந்தரவு இல்ல’ன்னார்.”

அந்த முடிவை நினைக்க நினைக்க அதன் நியாயம் எனக்கு விளங்கிக்கொண்டே வந்தது. நெம்புகோல் பேனாவின் உள்ளே இருப்பது லேடெக்ஸ் குழாய். பம்பாய்ச் சூட்டிலும் உப்புக்காற்றிலும் அது பிசுபிசுத்து, பிறகு இறுகி, பிறகு நொறுங்கும். அறுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. மாற்றுக் குழாய் அருமை. மதராஸ் பேனாவில் கெட்டுப்போக உறுப்பே இல்லை. நெம்புகோல் பேனாவைப்போல் இரண்டு மூன்று மடங்கு மை பிடிக்கும். காலையில் நிரப்பினால் மாலைவரை டிக்டேஷனுக்குப் பஞ்சமில்லை. கூட வந்த எஃகு நிப்புதான் பிட்மனுக்குக் கல் மாதிரி. ஆங்கிலேய நிப்பும் மதராஸ் உடம்பும் சேர்ந்தால் அவருக்கு வேண்டிய பேனா வந்துவிட்டது.

அதைச் செய்துகொடுத்தவரின் கைத்திறனைக் கண்ணாடியில் பார்த்து வியந்துபோனேன். நிப்புக்கு அடியில், மையைக் கொண்டுவரும் கறுப்புக் கட்டை இருக்கிறதே, அதுவும் எபனைட். ஒரு பேனாவின் நிப்பு இன்னொரு பேனாவின் கட்டைமேல் அப்படியே உட்காராது; நடுவில் இடைவெளி விழும், மை வராது. இவர் கட்டையின் இரு தோள்களையும் நூலிழை அளவு அரம் போட்டுக் குறைத்திருக்கிறார். அரம் பட்ட தடம் இன்னும் தெரிகிறது. பிறகு வெந்நீரில் முக்கி இளக்கி, நிப்போடு சேர்த்து அழுத்திப் பிடித்து ஆறவிட்டிருக்க வேண்டும். எபனைட் சூட்டில் வளையும், ஆறினால் வளைந்தபடியே நிற்கும். நிப்புக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு காகிதம்கூட நுழையவில்லை. நடைபாதையில் உட்கார்ந்து செய்த வேலை இது. அவர் பெயர் எங்கும் பதிவாகவில்லை. அப்பாவுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும்.

அன்று எங்கள் வீட்டில் இந்தப் பேனாவுக்குப் பெயர்கூட இல்லை. பார்க்கர் ‘பார்க்கர்’, பிளாக்பேர்ட் ‘பச்சைப் பேனா’, இது வெறும் ‘ஆபீஸ் பேனா’. பார்ப்பவர்கள் பார்க்கரைத்தான் கையில் வாங்கிப் பார்ப்பார்கள். கையால் கடைந்த நம் ஊர் எபனைட் பேனாவை வாங்குவது வெளிநாட்டுப் பேனா வாங்க வழியில்லாதவர்கள் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. ராஜமுந்திரியில் ரத்னம் என்பவர் சுதேசிப் பேனா செய்து அனுப்பி, 1935-ல் காந்தி அவருக்குப் பாராட்டி எழுதியதெல்லாம் எங்கள் வீட்டுக்கு எட்டியதாகத் தெரியவில்லை. இன்று நிலைமை தலைகீழ். அந்த ரத்னம் பேனாவையும் திருவள்ளூரில் ரங்கா பட்டறையில் கடையும் பேனாவையும் அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் சொல்லிவைத்து வாங்குகிறார்கள். எந்த நிறத்தில், எந்த நீளத்தில், எந்தப் பளபளப்பில் வேண்டும் என்று கேட்டு அவரவருக்கு ஏற்றபடி கடைந்து தருகிறார்கள். இது எனக்கு மிகுந்த சந்தோஷம் தருகிறது. அந்தக் கைவேலைக்கு இந்த மரியாதை ஐம்பது வருடம் முன்பே வந்திருக்க வேண்டும்.

பேனா சேகரிக்கும் நண்பர் ஒருவர் வாஷியில் இருக்கிறார். நான்கையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். நுணுக்கமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“சார், பிளாக்பேர்ட் உடம்பு முதல் தரம். நிறம் வெளிறவே இல்ல. அதோட நிப்பு உங்ககிட்டயே இருக்கு. திருப்பி மாத்திடுங்க. முழுப் பேனாவா ஆகிடும். இந்த மெட்ராஸ் பேனாவுக்கு ஏதாவது ஒரு எஃகு நிப்பு போட்டுக்கலாம்.”

“அப்பா எடுத்து இதுல வச்சது சார்.”

“புரியுது. ஆனா அது ரிப்பேருக்காகப் பண்ணினதுதானே. இப்ப ரப்பர் கிடைக்குது, காரணம் போயிடுச்சு.”

அவர் சொன்னதில் பொருள் இருக்கிறது. ஒரு பொருள் பட்டறையிலிருந்து வெளிவந்தபோது எப்படி இருந்ததோ அந்த நிலைக்குத் திருப்புவதுதான் சீரமைப்பு என்பது சேகரிப்பவர்களின் நியாயம். அப்படிச் சிலர் பிடிவாதமாக இருப்பதால்தான் பழைய பேனாக்கள் எப்படி இருந்தன என்பதே நமக்குத் தெரிகிறது. ஆனால் என்னிடம் இருப்பது ஒரு ஸ்டெனோவின் கருவிப்பை. அதில் இருக்கும் மிக உயர்ந்த வேலைப்பாடு அந்த நிப்பு மாற்றம்தான். பட்டறைக் காலத்துக்குத் திருப்பினால் அப்பா இந்தப் பேனாவை வைத்திருந்த முப்பது வருடத்தையும் நானே கழற்றி எறிந்ததாகிவிடும். நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார், ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணாடியை வாங்கி அரம் போட்ட தடத்தை மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபோர்ட்டில் பேனா பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் வேறு யோசனை சொன்னார். நிப்பின் முனை ஒரு பக்கமாகத் தேய்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, “நோக் கிஸ்கே ஏக்தம் நயா பனா தூங்கா, சாப்” என்றார். முனையைத் தேய்த்துச் சமமாக்கிப் புதிதாக்கிவிடலாம் என்றார். நல்ல மனிதர், கூலியும் குறைவாகத்தான் கேட்டார். வேண்டாம் என்று நன்றி சொல்லி எழுந்தேன்.

ஏன் என்றால், அந்தத் தேய்வைப் பார்த்துத்தான் நான் அப்பாவின் கையைத் திரும்பக் கண்டுபிடித்தேன். மை ஊற்றி முதலில் பிள்ளையார் சுழி போட்டபோது நிப்பு காகிதத்தைக் கீறியது. வழக்கம்போல் நேராகப் பிடித்திருந்தேன். பேனாவைக் கொஞ்சம் இடப்பக்கமாக உருட்டிப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம். ஒரு கோணத்தில் கீறல் நின்று, மை தடையில்லாமல் இறங்கியது. அந்தக் கோணத்தில் எழுத வேண்டுமென்றால் முழங்கை உடம்போடு ஒட்டவேண்டும், நோட்டுப் புத்தகம் வலப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மேஜைமேல் வைத்து எழுதும் உட்காரல் அல்ல அது. முதலாளியின் மேஜைக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, தொடைமேல் நோட்டை வைத்துக்கொண்டு எழுதுபவரின் உட்காரல். ஞாயிற்றுக்கிழமைகளில் ரேடியோச் செய்தியைப் பழக்கத்துக்காக எழுதிப் பார்க்கும்போது அப்பா அப்படித்தான் இருப்பார். அழுத்தினால் நிப்பு விரிந்து தடித்த கோடு வருகிறது, விட்டால் முடி போல மெலிகிறது. இதைச் சமமாக அரைத்தால் யாருக்கும் பொருந்தும் ஒரு நல்ல நிப்பு கிடைத்திருக்கும். எனக்கு அது வேண்டியதில்லை.

எபனைட்டின் பழுப்பையும் அப்படியே விட்டுவிட்டேன். வெளிச்சமும் ஈரமும் பட்டுப் பட்டு எபனைட்டின் மேல்பரப்பு பழுப்பாகும். மிக நைசான உப்புத்தாளால் தேய்த்தால் அடியில் கறுப்பு இருக்கிறது. தேய்த்தால் ‘மெட்ராஸ்’ என்ற அந்த ஒரு சொல்லும் போய்விடும்.

பிளாக்பேர்டுக்கு மட்டும் முழு வைத்தியம் செய்தேன். கழுத்தை ஹேர் டிரையரின் மிதமான காற்றில் காட்டி, அசைத்து அசைத்துக் கழற்றினேன். செல்லுலாயிட் என்பதால் சுடர் பக்கமே போகவில்லை. உள்ளேயிருந்து ரப்பர் கருகிய மிளகாய் வற்றல் துண்டுகளாகக் கொட்டியது. நெம்புகோலுக்கு அடியில் இருக்கும் எஃகுப் பட்டை துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுத்தேன். புதிய குழாய் இங்கிலாந்திலிருந்து தபாலில் வந்தது. இந்தக் குழாய்களுக்கு அளவு அங்குலத்தில் 64-இல் எத்தனை பங்கு என்ற கணக்கு. 16-ஆம் எண் என்றால் கால் அங்குலம். அதைக் கழுத்தில் ஒட்ட அரக்குதான் பூச வேண்டும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு சூடு காட்டினால் இளகும். பின்னாளில் இன்னொருவர் கழற்ற வேண்டுமென்றால் கழற்றலாம். ஃபெவிக்விக் மாதிரியான பசையைப் போட்டால் அடுத்து வருபவர் உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். பார்க்கர் கம்பெனியும் 51-இன் முன்பாகத்தை ஒட்ட அரக்கைத்தான் பயன்படுத்தியது. ஜார்க்கண்ட் காடுகளில் மரக்கிளையில் பூச்சி கட்டும் அரக்கு உலகமெங்கும் பேனாக்களைக் கட்டிப் பிடித்திருந்திருக்கிறது என்று அறிந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. எஃகு நிப்பின் துருவைத் துடைத்து, அதையே திரும்பப் போட்டேன். எழுதுகிறது, கொஞ்சம் வறட்சியாக.

நெருள் ஸ்டேஷன் பக்கத்துக் கடைகளில் மை கேட்டுப் பாருங்கள். கல்லூரிப் பிள்ளைகள் ஜெல் பேனாவை டஜனாக வாங்கிப் போகிறார்கள். மைப்புட்டி என்றால் கடைக்காரர் பின்கட்டில் தேட வேண்டியிருக்கிறது. கேமல் ராயல் ப்ளூ சில சமயம் கிடைக்கும். இதே மும்பையில் 1931-ல் தாண்டேகர் மைத்தூள் விற்கத் தொடங்கிய நிறுவனத்தின் மை அது. 1993-ல் ரயில் நெருளுக்கு வந்தபோது நாங்கள் செம்பூரிலிருந்து இங்கே புதிதாகக் குடிவந்திருந்தோம். அப்பா ரிட்டயர் ஆகும் தறுவாயில் இருந்தார். எங்கள் சொசைட்டிக்கு முதல் செயலாளர் அவர்தான். தண்ணீருக்கும் தெருவிளக்குக்கும் சிட்கோவுக்கு மனு எழுதுவது, மாதக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது எல்லாம் இந்த ஆபீஸ் பேனாவில்தான். கூட்டம் நடக்கும்போது பிட்மனில் எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து ஆங்கிலத்தில் விரித்து எழுதுவார். அந்த மினிட்ஸ் புத்தகங்கள் சொசைட்டி ஆபீஸ் பீரோவில் இருக்கின்றன. போய்ப் பார்த்தேன். நீலக் கறுப்பு மை இன்றும் தெளிவாக நிற்கிறது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எழுதிய பக்கங்களும் உண்டு. பிறகு கம்ப்யூட்டர் தாள். இப்போது எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது, மழை பெய்தால் மோட்டார் ஓடாது என்பது வரை. அதில் வசதி இருக்கிறது. ஆனால் 1994-ல் யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் அந்தப் புத்தகத்தைத்தான் இன்றும் எடுக்கிறார்கள்.

சுருக்கெழுத்து நோட்டுகள் ஒரு கட்டு வீட்டில் இருக்கின்றன. பிட்மன் தெரிந்த முதியவர் யாராவது செம்பூர், மாட்டுங்கா பக்கம் இருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அனுபவசாலிகள் தங்களுக்கென்று குறுக்குவழிக் குறிகள் வைத்திருப்பார்கள். ஆகவே முழுவதும் படிக்க முடியும் என்று எதிர்பார்க்கவில்லை. கனமும் மெலிவும் மாறி மாறி வரும் அந்தக் கோடுகளைப் பார்த்தால் நிப்பு எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்பதாவது தெரிகிறது.

ஒவ்வொரு பேனாவோடும் ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். அப்பாவின் பேனா வைத்திருக்கும் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள். எங்கே, யார் வாங்கியது, எதற்குப் பயன்பட்டது, எந்த உறுப்பு மாறியிருக்கிறது, யார் மாற்றியது, எந்தப் பசை. தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். அம்மா இல்லையென்றால் எனக்குப் பச்சைப் பேனாவின் கதை கிடைத்திருக்காது. ஆபீஸ் பேனாவின் சீட்டுதான் நீளமானது. அதில் நிப்பைக் கழற்றக் கூடாது என்பதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறேன்.

ஹீரோவின் சீட்டு மட்டும் காலியாக இருந்தது. அம்மாவுக்கும் அது எப்படி வந்தது என்று நினைவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் அக்காவுக்கு போட்டோ அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“டேய், அது என்னோடது! பத்தாங்கிளாஸ் பரீட்சைக்கு அப்பா முசாஃபிர்கானா மார்க்கெட்டுல வாங்கிக் கொடுத்தது. மூடியில கிளிப்புக்குக் கீழ ஒரு நசுங்கல் இருக்கா பாரு.”

இருந்தது.

“கல்யாணம் ஆகி வர்றப்ப தேடித் தேடிப் பார்த்தேன். அவர் எடுத்து உள்ள வச்சிருக்கார் பாரேன். கழுவிட்டியா? நிப்பை ஒண்ணும் பண்ணிடலையே?”

கழுவியதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை என்றேன். ஆயுத பூஜைக்கு முன்னால் வந்துசேர வேண்டும் என்றாள். சீட்டைப் பூர்த்தி செய்து, கூரியருக்குப் பொட்டலம் கட்டியிருக்கிறேன்.